மரியாதைக்குப் போன தோப்பு

எங்கள் ஆர்மீனிய மலையூர் மோஷ்கவானுக்கு எந்த ஆட்சியும் நேரத்தோடு வந்து சேர்ந்ததில்லை. ஜார் கவிழ்ந்த செய்தி கழுதைமேல் ஏறி மலைக்கு வருவதற்குள் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் கவிழ்ந்திருந்தார்கள். துருக்கிப் படை வந்தது, போனது. ஆங்கிலேயர்கள் வந்தார்கள், எங்கள் குளிரைப் பார்த்துவிட்டு அவர்களும் போனார்கள். ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் எங்களைத் தன்னுடையவர்கள் என்றது, அஜர்பைஜான் தலைநகர் பாக்கூவும் தன்னுடையவர்கள் என்றது. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நாங்களே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டோம். கல் இருந்தது, மல்பெரி இருந்தது. வாய் இருந்தது, அது தேவைக்கு மேலேயே இருந்தது.

கடைசியில் செம்படை வந்தது. யெரெவானும் சிவப்பாயிற்று, பாக்கூவும் சிவப்பாயிற்று, இனி அண்ணன் தம்பிக்குள் என்ன வழக்கு என்றார்கள். வழக்கு தீர்ந்தபாடில்லை. டிஃப்லிஸில் பெரிய மனிதர்கள் கூடி ஒரு நாள் எங்களை ஒரு பக்கம் கொடுத்தார்கள், மறுநாள் தூங்கி எழுந்து இன்னொரு பக்கம் கொடுத்தார்கள். அதற்கப்புறமும் இழுத்துப் பறித்து, அஜர்பைஜானுக்குள்ளேயே கரபாக் மலைக்காரர்களுக்கென்று ஒரு சுயாட்சிப் பகுதி என முடிவானது. ஊர் சோவியத் தலைவர் ஓகன் ஊருணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று அதை உரக்கப் படித்தார்.

"சுயாட்சின்னா என்னங்க அர்த்தம்?" என்று குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள் ஜவாஹிர்.

"நம்மள நாமளே ஆண்டுக்கறதும்மா."

"யாருக்குக் கீழ?"

"பாக்கூவுக்குக் கீழ."

"பாக்கூ யாருக்குக் கீழ?"

"அது டிஃப்லிஸுக்குக் கீழ. டிஃப்லிஸ் மாஸ்கோவுக்குக் கீழ."

"அடுக்குல அடிப்பானை நாமதான்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குக் கல்லு மேல ஏறினீங்க?"

ஓகன் கல்லைவிட்டு இறங்கினார். இறங்கும்போதுதான் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். சுயாட்சிப் பகுதி என்றால் அதற்கு எல்லை வேண்டும். எல்லை போட ஒரு கமிஷன் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. நமக்கும் கீழே இருக்கிற முஸ்லிம் ஊர் குஷ்தெபேக்கும் நடுவிலும் கோடு போடுவார்கள். ருஷ்ய மொழி தெரிந்த ஒரு ஆள் கூடவே நின்று பேச வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் ஜவாஹிரின் கணவனைப் பார்த்தார். ஊரே பார்த்தது. ஜவாஹிர் மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

அவள் கணவன் பெயர் பலசான். வாலிபத்தில் பாக்கூவில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு தீராத இருமலும் கொஞ்சம் ருஷ்ய மொழியும்தான். இருமலை மறைப்பான், ருஷ்ய மொழியை மறைக்க மாட்டான். ஆட்டிடம்கூட அவன் ருஷ்ய மொழியில்தான் கோபித்துக்கொள்வான் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. பேச்சில் தன்னை மிஞ்ச மலையில் ஆளில்லை என்பது அவன் எண்ணம். அது உண்மையாகவும் இருந்ததுதான் பிறகு வினையாகப் போயிற்று.

இந்தக் கோட்டில் மற்றவர்களைவிட அவனுக்குத்தான் பயம் அதிகம். அவனுடைய வெள்ளை மல்பெரித் தோப்பு ஓடைக்கு அந்தப் பக்கம், இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது. மேட்டில் இருந்த அவன் நிலத்தில் விதைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக விளைந்தாலே மாதாகோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். தோப்புதான் சோறு போட்டது. பழத்தை வடித்தால் சாராயம், காய்ச்சினால் பாகு, காயவைத்தால் குளிர்காலத்துக்குத் தின்பண்டம். கோடு ஓடைவழியாகப் போய்விட்டால் தோப்பு கீழ் மாவட்டத்தோடு போய்விடும், அந்த மாவட்டத்து நிலக்குழு தன் ஆட்களுக்கே அதைக் கொடுத்துவிடும். அப்புறம் பலசானுக்கு மிஞ்சுவது கல்லும் ருஷ்ய மொழியும்தான்.

கீழூர்க்காரர்களுக்குப் பேச ஹும்பத் வருவான் என்று தெரிந்தபோது அவனுக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது. ஹும்பத் அவனுடைய கிர்வா. ஹும்பத்தின் மகன் அகலாருக்குச் சுன்னத் செய்த அன்று பையனைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவன் பலசான். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிடித்தவன் கிறிஸ்தவனாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு ரத்த சொந்தம். அந்த இரண்டு வீட்டுக்குள் பெண் கொடுத்து எடுக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு நெருக்கம். வருஷா வருஷம் மல்பெரி உலுக்கும்போது ஹும்பத் குடும்பத்தோடு வந்துவிடுவான். பலசான் மரத்தில் ஏறிக் கிளையை மிதிப்பான், கீழே நாலு பேர் துணியை நாலு மூலையில் பிடித்து நிற்பார்கள். அதில் ஒரு மூலை எப்போதும் அகலாருடையது. பையன் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்பான், துணியில் விழுவதைவிட வாயில் விழுவதுதான் அதிகமாக இருக்கும்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. நாங்கள் அவர்கள் வைக்கோற்போரை எரித்தோம், அவர்கள் எங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இதில் எது முதலில் என்பதற்கு மேலூரில் ஒரு பதில், கீழூரில் ஒரு பதில். இரண்டு பக்கமும் சவக்குழி வெட்டினார்கள். ஓடைப் பாதையில் தலை தெரிந்தால் சுட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அகலார் விஷக்காய்ச்சலில் செத்துப்போனான், துக்கத்துக்குப் பலசான் போகவில்லை. பாதை அடைத்திருந்தது என்பது உண்மைதான். பாதை திறந்த பிறகும் அவன் போகவில்லை என்பதும் உண்மை. ஓட்டிப்போன மாடுகளில் அவனுடையதும் இருந்தது, ஹும்பத் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்ற கோபம் அவனுக்கு. மகன் சாவுக்குக் கிர்வா வரவில்லை என்ற கோபம் ஹும்பத்துக்கு. மூன்று வருஷமாக இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூலையில், மல்பெரி பழுத்துத் தரையெல்லாம் ஒட்டும் நேரத்தில், கமிஷன் வந்தது. அதில் பேசியவர்கள் பலர், கோடு போட்டவர் ஒருவர்தான். லுக்கின் என்று ஒரு ருஷ்ய நில அளவைக்காரர். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, யாரையும் கடிந்து பேசாத, எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். பெரிய பலகையில் வரைபடத்தை ஒட்டி வைத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எது யாருடையது என்று ஒவ்வொரு நிலமாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். அதுவரை மற்ற ஊர்களில் அவர் கேட்ட கூச்சலில் அவருக்குக் காதே மந்தமாகிவிட்டிருந்தது.

எங்கள் ஊரும் குறை வைக்கவில்லை. முதலில் வந்தது தேள்மேடு. ஆடுகூட ஏறாத, புல்கூட முளைக்க யோசிக்கிற கல்மேடு. அதற்காக மேலூரும் கீழூரும் உச்சி வெயில் வரைக்கும் தொண்டை கிழியக் கத்தின. ஓகன் தன் பாட்டனார் அங்கேதான் பிறந்தார் என்றார். கீழூர்க்காரர் ஒருவர் தன் பாட்டனார் அங்கேதான் செத்தார் என்றார். அந்த மேட்டில் பிறக்கவோ சாகவோ எந்தப் புத்தியுள்ள மனிதனும் போயிருக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். பலசான் அன்று பேசிய ருஷ்ய மொழியைக் கேட்டு லுக்கினே அசந்துபோனார். தேள்மேட்டை நாங்கள் ஜெயித்தோம். இன்றைக்கும் அது எங்களிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வெற்றிக் களிப்போடுதான் பலசான் ஓடையைத் தாண்டித் தோப்புக்கு வந்தான். கூட்டம் பின்தங்கிவிட்டது. லுக்கின் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காலணியிலிருந்து கல்லை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் பலசான், அந்தப் பக்கம் ஹும்பத். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஹும்பத்தின் மீசை பாதி நரைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அதில் ஒரு வெள்ளை முடி கிடையாது.

பேசாமல் நிற்பது இரண்டு பேருக்குமே கஷ்டமாக இருந்தது. ஹும்பத் மரத்தைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துவிட்டு, அவர்கள் பாஷையில் மெல்லச் சொன்னான்.

"இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கு."

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு, மேலூருக்கும் கீழூருக்கும் பொது. வந்தவன் உன் பொருளைப் பார்த்து நல்லா இருக்கு என்றால், உன்னுது எடுத்துக்கோ என்று சொல்லியாக வேண்டும். குதிரையானாலும் சரி, குல்லாயானாலும் சரி. அதற்கு அவன், உரியவருக்கே பொருந்தட்டும் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அத்தோடு முடிந்தது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிடும். எங்களுக்கு இது ஏப்பம் மாதிரி தானாக வரும்.

"உங்களுது கிர்வா, எடுத்துக்கோங்க" என்றான் பலசான்.

வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் கிர்வா என்று சொல்லிவிட்டது அவன் காதிலேயே விழுந்தது. மூன்று வருஷமாக அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. ஹும்பத் மறுபாதியைச் சொல்ல வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன பேசிக்கறீங்க?" என்று காலணியை மாட்டிக்கொண்டே கேட்டார் லுக்கின்.

இந்த இடத்தில் பலசான் சும்மா இருந்திருக்கலாம், இருமியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவர் கேட்டு அவன் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அதுவும் அப்போது அவன் நெஞ்சு கலங்கிப்போயிருந்தது, யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

"தோப்பு நல்லா இருக்குன்னு அவரு சொன்னாரு. உங்களுதுதான்னு நான் சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ தகராறு இல்ல" என்றார் லுக்கின், அன்று முதல் தடவையாக முகம் மலர்ந்து. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஓடைவழியாக ஒரு கோடு போட்டார். பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போகும்போது இரண்டு பேர் தோளிலும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கமிஷனுக்குச் சாப்பாடு மேலூரில், வால்நட் மரத்தடியில். ஆட்டிறைச்சி சுட்டு, கீரை வைத்த ரொட்டி தட்டி, பலசானின் சாராயம் ஊற்றிக் கொடுத்தோம். ஓகனுக்கு வரைபடத்தைப் பார்க்க ஆசை. லுக்கின் பலகையைத் திருப்பிக் காட்டினார். பலசான் கோப்பையோடு எட்டிப் பார்த்து, தன் தோப்பைத் தேடினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் தேடினான், காணவில்லை. அந்தப் பக்கம் இருந்தது.

"தோழர், இது... இந்தக் கோடு கொஞ்சம் வளைஞ்சிருக்கே."

"நீங்க சொன்னபடிதான் போட்டேன். உங்களுதுன்னு சொன்னீங்களே."

ரொட்டி பரிமாறிக்கொண்டிருந்த ஜவாஹிர் ருஷ்ய மொழி தெரியாமலே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். கணவன் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் போதும்.

"தேள்மேட்டுக்கு அரை நாள் கத்தினே. தோப்ப ஒரே மூச்சுல தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கே. உன்ன மாதிரி இன்னும் ரெண்டு ஆளு இருந்தா மாஸ்கோவையே வாங்கியிருக்கலாம்" என்றாள்.

பலசான் கோப்பையைக் கீழே வைத்தான். அப்புறம் அவன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பேச்சைப் பேசினான். தோழர், அது வெறும் மரியாதை என்றான். எங்க மலையில ஒருத்தன் உன்னுதுன்னு சொன்னா என்னுதுன்னு அர்த்தம் என்றான். ஓகன் தன் குதிரையை ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறார், குதிரை இன்னும் அவர் கொட்டிலில்தான் நிற்கிறது என்று கையைக் காட்டினான். லுக்கின் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு வேகம் கூடியது. போதும் என்ற இடத்தில் நிறுத்த அவனுக்கு என்றைக்குமே தெரியாது.

"அவ்வளவு ஏன் தோழர், ரொட்டி மேல சத்தியம் பண்ணித் தந்தாலும் அது மரியாதைதான். வேதப்புத்தகத்து மேல அடிச்சாலும் மரியாதைதான். கண்ணுல தண்ணி விட்டுக் குடுத்தாலும் நம்பக் கூடாது. எவ்வளவு அழுத்திச் சொல்றானோ அவ்வளவுக்கு அவன் தர்றதா இல்லைன்னு புரிஞ்சுக்கணும்."

லுக்கின் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தான் இதுவரை எத்தனை ஊரில் ஏமாந்தேனோ தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார். பிறகு, "ஒரு பக்கத்துப் பேச்ச வச்சு அழிக்க முடியாது. நாளைக்குக் காலையில நாங்க கிளம்பறதுக்குள்ள ஹும்பத் வந்து தோப்பு உங்களுதுன்னு சொல்லட்டும். கோட்ட மாத்திடறேன்" என்றார்.

விடிந்ததும் பலசான் கீழூருக்கு நடந்தான். நன்றாகப் பேச ஒரு பேச்சுத் தயார் செய்துகொண்டே போனான். ஹும்பத் வீட்டு வாசலில் நின்றதும் அது மறந்துபோயிற்று. ஹும்பத்தின் மனைவி ஜிபைதா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

சுவரில் ஒரு ஆணியில் சின்னக் குல்லாய் ஒன்று தொங்கியது. பலசான் அதைப் பார்த்தான். தோப்பும் கோடும் லுக்கினும் அவன் நினைவிலிருந்து போய்விட்டன. அந்தத் தலையை இந்த மடிதான் தாங்கியது. அவன் கம்பளத்தில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். ஹும்பத் எதிரில் உட்கார்ந்திருந்தான். ஜிபைதா தேநீர் கொண்டுவந்தாள், கூடவே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மல்பெரிப் பாகு.

"உங்க வீட்டுப் பாகுதான், கடைசியா நாங்க உலுக்க வந்த வருஷத்துது" என்றாள். "அவனுக்குப் பிடிக்கும்னு எடுத்து வச்சிருந்தேன்."

அதற்கு மேல் தோப்பைப் பற்றிக் கேட்க அவனுக்கு நாக்கு வரவில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில் எதையும் கேட்டு வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தான். ஹும்பத் வாசல் வரைக்கும் வந்தான்.

"எதுக்கு வந்தீங்க?"

"அகலாருக்காக."

"மூணு வருஷம் கழிச்சா? அளக்கறவங்க வந்த மறுநாளா?"

பலசான் தலையைக் குனிந்துகொண்டான். ஹும்பத் அவனையே பார்த்தான். உள்ளே போய்த் தன் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.

"நடங்க. அவங்க கிளம்பிடப் போறாங்க."

குதிரைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லுக்கின் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, பலசானின் பக்கம் திரும்பி, ஹும்பத் தெளிவாகச் சொன்னான். தனக்குத் தெரிந்த கொஞ்சம் ருஷ்ய வார்த்தைகளிலேயே சொன்னான்.

"அந்தத் தோப்பு உங்களுது, கிர்வா."

லுக்கின் சந்தோஷமாகச் சிரித்தார். பலசானைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"நல்லவேளை, நேத்தே சொல்லிக் குடுத்தீங்க. இல்லன்னா இன்னிக்கும் ஏமாந்திருப்பேன். உன்னுதுன்னா என்னுதுன்னு அர்த்தம், இல்லையா? ஆக இவரு தோப்ப விடறதா இல்ல."

"இல்ல தோழர், இவரு நிஜமாச் சொல்றாரு."

"அல்லா சாட்சி, நிஜமாத்தான் சொல்றேன்" என்றான் ஹும்பத்.

"பாருங்க, சத்தியமும் வந்தாச்சு" என்றார் லுக்கின்.

ஹும்பத்துக்குக் கோபத்தில் கண் கலங்கியது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக இந்தச் சொல்லை அப்படியே அர்த்தம் வைத்துச் சொல்லியிருக்கிறான், நம்ப ஒரு ஆளில்லை. லுக்கின் அந்தக் கண்ணையும் பார்த்தார். பலசான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அதுவும் இருந்தது. மரியாதையாக இரண்டு பேருக்கும் கைகொடுத்துவிட்டு, குதிரையேறினார். பென்சில் கோடு அப்படியே பாக்கூவுக்குப் போயிற்று.

பலசானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தோப்பு போய்விட்டது. ஆனால் ஹும்பத் நிஜமாகத்தான் சொன்னான் என்பது அவனுக்குத் தெரியும். மலை முழுவதிலும் அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவன் பேச்சுத்தான் இப்போது செல்லாது.

அப்படியாக எங்களுக்குச் சுயாட்சி வந்தது. தலைநகரில் வாத்தியம் வாசித்தார்கள், எங்கள் ஊருக்கு ஒரு சிவப்புத் துணியும் ஒரு ரப்பர் முத்திரையும் வந்தன. ஓகன் அந்த முத்திரையைக் கண்ணில் பட்டதிலெல்லாம் குத்திப் பார்த்தார். வரைபடத்தில் எங்கள் ஊருக்குக் கீழே கோடு ஒரு இடத்தில் பல் பட்ட ரொட்டி மாதிரி உள்வாங்கியிருக்கும். பள்ளிக்கூட வாத்தியார்கள் அதற்கு மலை, ஆறு என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். மலையும் இல்லை, ஆறும் இல்லை, அது எங்கள் வாய்.

கீழ் மாவட்ட நிலக்குழு தோப்பை ஹும்பத் பேருக்கே எழுதியது. அவன்தானே விடுவதாக இல்லை என்று கமிஷனே குறித்திருக்கிறது. அந்தக் குளிர்காலம் பலசான் அக்கம்பக்கத்துச் சாராயத்தை வாங்கிக் குடித்து ஒவ்வொன்றிலும் குற்றம் சொன்னான். மாவுக்குப் பதில் வேலை செய்தான், ஓகனுக்கு வேலி கட்டினான். ஹும்பத் இரண்டு தடவை சொல்லியனுப்பினான், இவன் போகவில்லை. தன் தோப்பில் விருந்தாளியாக நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. ஜவாஹிர் அதைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த கோடையில் மல்பெரி பழுத்தது. பலசான் ஓடைக்கு இந்தப் பக்கம் தோப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் பழம் பறிக்கும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு எரிந்தது. கம்பால் அடிக்கிறார்கள். மல்பெரியைக் கம்பால் அடித்தால் அடுத்த வருஷத்துக் கொழுந்து போய்விடும், கிளையில் ஏறி நின்று காலால்தான் மிதித்து உலுக்க வேண்டும். இத்தனை வருஷம் துணி பிடித்தவனுக்கு இது தெரியாதா? இன்னும் ஒரு அடி விழுந்தது. கூடையை எறிந்துவிட்டு எழுந்தான்.

"கம்பக் கீழ போடுங்க" என்று ஓடைக்கு மேலே கத்தினான். "மரமா அது, மாடா?"

ஹும்பத் கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பினான். கீழே துணி விரிந்திருந்தது. ஒரு மூலையில் ஜிபைதா, இரண்டு மூலைகளில் அவளுடைய இரண்டு பெண்கள். நாலாவது மூலையின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"மரத்துல ஏற எனக்குத் தெரியும்" என்றான் ஹும்பத். "மூலைக்குத்தான் ஆளில்ல. அது யாரு மூலைன்னு உனக்குத் தெரியும்."

நீ என்று சொன்னான். பழைய காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவான்.

பலசான் காலணியைக் கழற்றாமலே ஓடையில் இறங்கினான். சோவியத் நாட்டின் ஒரு எல்லையை அவன் முழங்கால் தண்ணீரில் தாண்டினான், கேட்க ஒரு போலீஸ்காரன் இல்லை. பின்னால் மேட்டில் ஜவாஹிர் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கல்லைத் தள்ளிவிட்டு, குனிந்து அந்த மூலையைப் பிடித்தான். துணி ஈரமாக, பிசுபிசு என்றிருந்தது.

ஹும்பத் மரத்தில் ஏறினான். வயசுக்கு அவன் ஏறியது அவ்வளவு அழகாக இல்லை, பெண்கள் சிரித்தார்கள். கிளையில் நிலையாக நின்றுகொண்டு கீழே பார்த்தான்.

"எப்படிக் காய்ச்சிருக்கு, கிர்வா?"

பலசானுக்கு வழக்கம் தெரியும். நல்லா இருக்கு என்றால் அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். தன் தோப்பைத் தானே பிச்சை கேட்பது போல ஆகிவிடுமே என்று ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அண்ணாந்து பார்த்தான். கிளை வெள்ளை வெளேரென்று காய்த்துத் தொங்கியது.

"நல்லா இருக்கு" என்றான்.

"உன்னுது."

குறித்துக்கொள்ளப் பென்சிலோடு யாரும் இல்லை. இப்போது பலசான் மறுபாதியைச் சொல்ல வேண்டும். உரியவருக்கே பொருந்தட்டும், இவ்வளவுதான். வாயைத் திறந்து, அவனும் பாதியில் மூடிக்கொண்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பேச வேண்டிய நேரத்துல மட்டும் பேச மாட்டான்" என்றாள் ஜவாஹிர் மேட்டிலிருந்து, யாரிடமும் இல்லாமல். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளும் ஓடையில் இறங்கினாள்.

ஹும்பத் கிளையை மிதித்தான். பழம் கொட்டியது. துணி கனக்க ஆரம்பித்ததும் பலசான் தன் மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.